காபரேற்றரின்ர தலையில பழியைப் போடாத மருமோனே

மருமோனே, நீ வேண்டி முத்தத்தில நிப்பாட்டியிருக்கிற ஸ்னோமொபிலின்ர படத்தைக் கொம்மா எனக்கு அனுப்பினவ. வடிவாத்தான் இருக்கு. உன்னிலும் பார்க்க அதுக்கு வயசு கூட. அதில எனக்கு ஒரு குறையும் இல்லை. வயசு போன சாமானுக்கு மரியாதை குடுக்கவேணும் எண்டு சொல்ல என்னை விட்டால் ஆர் இருக்கினம்? ஆனா அது ஸ்டார்ட் எடுக்காத அண்டைக்கே, "மாமா, காபரேற்றர் போட்டுது, ரெண்டு புதுசு ஓடர் பண்ணப்போறன்" எண்டு போனில சொன்னாய் பார், அந்தக் கெட்டித்தனத்துக்கு நான் எழும்பி நிண்டு கும்பிடவேணும். கழட்டிப் பாக்காமலே வருத்தத்தைக் கண்டுபிடிச்ச வைத்தியரை நான் இந்த வயசு மட்டும் கண்டதில்லை.

உன்ர வயசுப் பெடியளுக்கு வண்டியில ரெண்டே ரெண்டு சாமான்தான் தெரியும்: ஒண்டு சாவி, மற்றது காபரேற்றர். சாவியைத் திறந்தால் ஓடவேணும். ஓடாட்டி காபரேற்றர். இடையில கிடக்கிறதெல்லாம் கடவுள் அழகுக்கு வைச்சது எண்ட நினைப்பு.

முதல்ல பிளக்கைக் கழட்டு. வீடியோ பாக்கிறதை நிப்பாட்டிப்போட்டுக் கழட்டு. முனையைத் தொட்டுப் பார். நனைஞ்சு கிடந்தால் பெற்றோல் வந்து சேர்ந்திருக்கு, நீ திட்டித் தீர்க்கிற காபரேற்றர் தன்ர வேலையைச் செய்திருக்கு. அப்ப நெருப்பு வரேல்லை, இல்லாட்டி நீ கயிறை இழுத்து இழுத்து எஞ்சினைப் பெற்றோலில முழுகவாத்துப் போட்டாய். காய்ஞ்சு கிடந்தால் பெற்றோல் வந்து சேரேல்லை. இவ்வளவும் விளங்க உனக்குப் பிளக் கழட்டுற சாவி ஒண்டு காணும். அதோட ஒரு அமுக்கமானியை இரவல் வேண்டி ரெண்டு சிலிண்டரையும் அளந்து பார். ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டா இருக்கவேணும். ஒண்டு நல்லாக் குறைஞ்சு கிடந்தால் உள்ளுக்க றிங் தேய்ஞ்சு போச்சு. காபரேற்றரைத் தங்கத்தில செய்து பூட்டினாலும் அந்தப் பக்கம் எழும்பாது.

எயர் பொக்சையும் ஒருக்காத் திறந்து பார். இந்த நாட்டில கோடை முழுக்கக் கொட்டிலுக்க கிடக்கிற வண்டிக்குக் குடியிருக்க வாறது எலி. சீற்றைக் கடிச்சுப் பஞ்சை எடுத்து, எயர் பொக்சுக்குள்ள மெத்தை போட்டு, பிள்ளை குட்டியோட வாடகை இல்லாமல் இருக்கும். காத்துப் போற வழி அடைச்சால் பெற்றோல் கூடும், புகை தள்ளும், பிளக் கறுக்கும். நீ இஞ்சால இருந்து, காபரேற்றருக்குள்ள பெற்றோலை அளந்து விடுற ஜெற்றை மாத்திக்கொண்டு இருப்பாய். எலியைக் கிளப்பிப்போட்டு எயர் பொக்சைத் திரும்பப் பூட்ட மறந்திடாத. அது இல்லாமல் ஓடினால் காத்துக் கூடிப்போம்.

சரி, பிளக் காய்ஞ்சு கிடக்கு எண்டு வைப்பம். அதுக்கு எங்கட பழைய வித்தை ஒண்டு கிடக்கு. நீ பிறக்க முதல், 1990 இல பொருளாதாரத் தடை வந்து யாழ்ப்பாணத்தில பெற்றோல் கண்ணால காணேலாத காலம். மோட்டச்சைக்கிளையும் இறைக்கிற மிசினையும் மண்ணெண்ணெயில ஓட்டின ஆக்கள் நாங்கள். குளிர்ந்து கிடக்கிற எஞ்சின் மண்ணெண்ணெயில பத்தாது. ஆனபடியால் சின்னப் பிளாஸ்ரிக் போத்திலுக்க பொத்திப் பொத்தி வைச்ச பெற்றோலில ரெண்டு துளியைக் காபரேற்றரின்ர வாய்க்குள்ள பீச்சி, உதைச்சு, அது பத்திச் சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெயைத் திறந்து விடுறது. அந்தப் போத்தில் இல்லாமல் ஒரு ஆம்பிளை வெளிக்கிட்டதில்லை. பெண்சாதியை மறந்து விட்டிட்டு வந்தவை இருக்கினம், அந்தப் போத்திலை மறந்தவை இல்லை.

அதையே நீயும் செய். ஒரு தேக்கரண்டி பெற்றோலில எப்பன் டூ-ஸ்ட்ரோக் ஓயிலைக் கலந்து, பிளக் ஓட்டைக்குள்ள விட்டு, பிளக்கைப் பூட்டி இழு. நாலைஞ்சு செக்கன் முழங்கிப்போட்டு நிண்டுதெண்டால் நெருப்பும் இருக்கு, அமுக்கமும் இருக்கு, பெற்றோல்தான் வரேல்லை. கடையில தகரத்தில விக்கிற ஈதரை மட்டும் அடிக்காத. இந்த எஞ்சினுக்கு ஓயில் வாறதே உள்ளுக்க வாற பெற்றோலோடயும் காத்தோடயும்தான். ஈதர் கிடக்கிற ஓயிலையும் கழுவிப்போட்டு வெறும் இரும்பை இரும்பில உரஞ்ச விடும்.

பெற்றோல் வரேல்லை எண்டவுடன திரும்பவும் காபரேற்றருக்குப் பாயாத, அவசரக்குடுக்கை. தாங்கியில இருந்து காபரேற்றர் மட்டும் ஒரு வழி கிடக்கெல்லோ? தாங்கிக்குள்ள கிடக்கிற வடி, காய்ஞ்சு வெடிச்ச ரப்பர் குழாய், தாங்கிக்குக் காத்துப் போற சின்ன ஓட்டை, எல்லாத்தையும் ஒருக்காத் தடவிப் பார். பேந்து பம். அது கரண்டில ஓடுற பம் இல்லை. பிஸ்டன் ஏறி இறங்கேக்க கிராங்க்கேசுக்குள்ள அமுக்கம் கூடிக் குறையும். அந்தத் துடிப்பை ஒரு சின்னக் குழாயால கொண்டுபோய், பம்முக்குள்ள கிடக்கிற மெல்லிய சவ்வை ஆட்டி, அந்த ஆட்டத்தில பெற்றோலை இழுக்கினம். கண்டுபிடிச்சவனுக்குக் கோயில் கட்டவேணும். அந்தக் குழாயில ஒரு மயிரளவு வெடிப்பு விழுந்தாலும் பம் படுத்திடும், அதோட கள்ளக் காத்தும் உள்ளுக்க போகும். ஒண்டரை முழக் குழாய் கைச்செலவுக் காசு. நீ ஓடர் பண்ணப்போற காபரேற்றர் என்ன விலை எண்டு நான் கேக்கேல்லை, கொம்மா கேப்பா.

இனிச் சோக். இதிலதான் உன்ர கட்டைவிரல் பிடிபடுது. உன்ர வண்டியில கிடக்கிறது ரெண்டு மிக்குனி விஎம் காபரேற்றர். அதில சோக் எண்டு நாங்கள் சொல்லுறது காத்தை மூடுற தகடு இல்லை. தனிய ஒரு சின்ன வழியைத் திறந்து கூடுதல் பெற்றோலை விடுறது. அந்த வழியால பெற்றோலை இழுக்கவேணும் எண்டால், அக்சிலேற்றர் தூக்குற சிலைட் மூடிக் கிடக்கவேணும். நீ என்ன செய்யிறாய்? சோக்கையும் இழுத்து, "கொஞ்சம் உதவி செய்வம்" எண்டு அக்சிலேற்றரையும் அமத்திக்கொண்டு கயிறை இழுக்கிறாய். அமத்தின உடன அந்த இழுவை போச்சு. சோக் சும்மா கிடக்கும், நீ வேர்த்து விறுவிறுத்து மைனஸ் 20 இல சட்டையைக் கழட்டுவாய். கட்டைவிரலை மடக்கிச் சட்டைப்பைக்குள்ள வைச்சுக்கொண்டு இழு. எத்தினையோ பேற்ற "காபரேற்றர் பிழை" இந்த ஒரு விரலோட தீர்ந்திருக்கு. சோக் கேபிளில கொஞ்சம் தளர்வு இருக்கோ எண்டும் பார். இறுகிக் கிடந்தால் அந்த வழி முழுசா மூடாது, ஐடிலில பெற்றோல் ஊறிக்கொண்டே இருக்கும், பிளக் திண்டுகொண்டே போகும்.

இவ்வளவும் பாத்தும் வண்டி வழிக்கு வரேல்லை எண்டால், ஓம், காபரேற்றரைப் பற்றிக் கதைப்பம். அப்பவும் கழட்டுறதுக்கு முதல் அது சொல்லுறதைக் கேள். அக்சிலேற்றர் லீவருக்குப் பக்கத்தில ஒரு துண்டு ரேப் ஒட்டி, கால், அரை, முக்கால் எண்டு பேனையால கோடு போடு. ஓடேக்க எந்தக் கோட்டில அது முனகுது எண்டு பார். ஐடிலில நிக்கமாட்டன் எண்டால், வெளிக்கிடேக்க இழுபட்டால், அது பைலட் ஜெற்றும் எயர் ஸ்குரூவும் ஆளுற இடம். காலில இருந்து முக்கால் மட்டும் சிலைட்டில தொங்குற நீடிலின்ர ராச்சியம். முக்காலுக்கு மேல போனால்தான் மெயின் ஜெற்றின்ர கதை. கால் கோட்டில இருமுற வண்டிக்கு மெயின் ஜெற்றை மாத்துறவை கனபேர். பல்லு வலிக்குக் காலில கட்டுப் போடுற வைத்தியம் அது. வண்டி எங்க நோகுது எண்டு அப்பட்டமாச் சொல்லுது. உனக்குத்தான் அது சொல்லுறதைக் கேக்க நேரமில்லை.

உன்ர வண்டி ஒருமாதிரிப் பத்தினாலும் ஐடிலில நிக்காமல் சோக்கோட மட்டும் ஓடுது எண்டு நீயே சொன்னனி. அப்ப கழட்டாமலே நான் சொல்லுவன், பைலட் ஜெற் அடைச்சுக் கிடக்கு. (நானும் கழட்டாமல் வைத்தியம் சொல்லுறன் பார். வயசுக்கு ஒரு சலுகை.) ஏன் அடைச்சது? போன பங்குனியில வண்டியை ஓடி முடிச்ச புண்ணியவான் பெற்றோலை அப்பிடியே விட்டிட்டுப் போட்டான். கோடை முழுக்க அந்தப் பெற்றோல் காய்ஞ்சு பிசினாப் போச்சு. இஞ்சத்த சாதாரணப் பெற்றோலில எதனோலும் கலந்திருக்கு. அது ஈரத்தை இழுத்துப் பிடிக்கும், கூடினால் தண்ணியும் எதனோலும் ஒண்டாச் சேர்ந்து அடியில இறங்கும். அடியில இருக்கிறது ஆர்? எங்கட ஜெற்.

கழட்டுறதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன், நீ அதைத்தான் கெடுக்கப்போறாய். கொம்மாவின்ர குசினியில இருந்து ஒரு வெள்ளைத் தட்டம் எடு, கேட்டு எடு. ஒரு காபரேற்றரை முழுசாக் கழுவிப் பூட்டினாப் பிறகுதான் மற்றதைத் தொடு. ரெண்டையும் ஒண்டாக் கழட்டிக் குவிச்சால் இடத்தின்ர நீடில் வலத்தில போய் உக்காரும். மிக்குனி யப்பான் சாமான், ஸ்குரூவின்ர தலையும் யப்பான் வெட்டு. வழமையான நட்சத்திரத் திருப்புளி அதில முழுசா இருக்காது, வழுக்கித் தலையைத் திண்டுபோடும். ஜேஐஎஸ் எண்டு கேட்டு ஒரு திருப்புளி வேண்டு. அடியில கிடக்கிற கிண்ணத்தைக் கழட்டி மணந்து பார். பழைய வார்னிஷ் மணக்கும். அடியில பச்சையும் வெள்ளையுமாப் பவுடர் கிடந்தால் தண்ணி நிண்டிருக்கு. நடுவில பெரிசா நிக்கிறது மெயின் ஜெற். அதுக்குப் பக்கத்தில குழிக்குள்ள தலையை மட்டும் காட்டிக்கொண்டு கிடக்கிற சின்னவர்தான் பைலட். அவற்ற ஓட்டை அனேகமா அரை மில்லிமீற்றரும் வராது. கழட்டி வெளிச்சத்துக்குப் பிடி. வட்டமா ஒரு வெளிச்சப் புள்ளி தெரியவேணும். தெரியாட்டி கிளீனர் ஸ்பிறேயில ஊறவிட்டு, காத்தடிச்சு, திரும்பப் பிடி. ஊசி, ஆணி, துளைபோடுற அலகு ஒண்டும் உள்ளுக்க விடாத. பித்தளை மெத்தெண்டு இருக்கும், ஓட்டை பெருத்திடும். பேந்து அந்த ஜெற்றில எழுதிக் கிடக்கிற நம்பர் பொய்யாப் போம். ஸ்பிறே அடிக்க முதல் ரப்பர் றிங்குகளைக் கழட்டி வை. அது ரப்பரை ஊதிப்போடும். ஜெற் சுத்தமாகி, அது இருந்த குழிக்குப் பின்னால போற வழி அடைபட்டுக் கிடந்தால் வேலை பாதிதான். அந்த வழிக்குள்ளயும் அடி, மற்றப் பக்கத்தால பீச்சிக்கொண்டு வரவேணும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடி, நேர உன்ர கண்ணுக்குத்தான் அது வரும்.

மிதவையையும் பார். காபரேற்றரைக் கவிட்டுப் பிடிக்கேக்க மிதவையின்ர கைகள் அடித்தளத்துக்குச் சமாந்தரமா நிக்கவேணும். பெற்றோல் நிரம்பி வழிஞ்சால், மிதவை தள்ளி மூடுற நீடில் வால்வின்ர முனையில தேய்ஞ்ச வளையம் தெரியும். அதுக்குப் புதுசு போடு.

எயர் ஸ்குரூவைக் கழட்ட முதல் மெதுவாப் பூட்டி, எத்தினை சுத்து எண்டு எண்ணி எழுது. இறுக்கிப் பூட்டினால் முனை நசியும். ஒண்டில இருந்து ஒண்டரைச் சுத்துக்குள்ளதான் வழக்கமா நிக்கும். இதில ஒரு வில்லங்கம் கேள். இந்த ஸ்குரூ காத்தை ஆளுறது, ஆனபடியால் பூட்டப் பூட்டப் பெற்றோல் கூடும், கழட்டக் கழட்டக் குறையும். 1960களிலயும் 70களின்ர தொடக்கத்திலயும் வந்த கன வண்டியில டிலட்சன் எண்ட சவ்வுக் காபரேற்றர் கிடக்கும். அதில ஸ்குரூ பெற்றோலை ஆளுறது, எல்லாம் தலைகீழ். வீடியோவில ஒருத்தன் அதைக் காட்டி "கழட்டு" எண்டுவான், நீ இதில கழட்டுவாய். ரெண்டு பேரும் நல்ல பெடியள், பிஸ்டன்தான் பாவம்.

பிஸ்டன் எண்டவுடன முக்கியமானதுக்கு வாறன். பெற்றோல் கூடினால் வண்டி திக்கும், புகைக்கும், பிளக் கறுக்கும். காசு கொஞ்சம் போகும், அவ்வளவுதான். காத்துக் கூடினால்? சத்தம் கூர்மையா வரும், பறக்கும். "மாமா, நான் ரியூன் பண்ணினாப் பிறகு பார், என்ன இழுவை" எண்டு நீ போன் எடுப்பாய். கொஞ்ச நேரத்தில சூடேறி, பிஸ்டன் சிலிண்டரோட ஒட்டி, ஏரி நடுவில அப்பிடியே நிண்டிடும். மனசுக்குப் பிடிச்ச மாதிரி ஓடுதெண்டால் சந்தேகப்படு.

நீ ஸ்காபரோவில, மார்கழித் தொடக்கத்தில, சுழியம் பாகையில ஜெற் வைச்சுப்போட்டு, தை மாசம் கிட்டத்தட்ட 350 கிலோமீற்றர் வடக்க என்னட்டை வருவாய். நிப்பிசிங் ஏரியில விடிய மைனஸ் 30 காட்டும். சுழியத்தில இருந்து மைனஸ் 30க்கு இறங்கினால் காத்து நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவில அடர்த்தி கூடும். அதே ஓட்டையால அதே பெற்றோல், ஆனா காத்து அந்தளவு கூட. ஒண்டும் செய்யாமலே நீ வண்டியைப் பட்டினி போட்டிருக்கிறாய். பொனற்றுக்கு அடியில இல்லாட்டி புத்தகத்தில பாகையும் உயரமும் போட்டு ஜெற் நம்பர் அட்டவணை கிடக்கும். வாற குளிரில ஆகக் கடும் குளிர் எதுவோ அதுக்கு மெயின் ஜெற்றை வை. நம்பர் கூடினால் ஓட்டை பெரிசு. இளஞ்சூடான நாளில கொஞ்சம் மந்தமா ஓடும், ஓடட்டும். நீ ஒலிம்பிக்குக்குப் போகேல்லை, மீன் பிடிக்கப் போறாய். நீடிலில கிளிப் பூட்ட அஞ்சு வெட்டு இருக்கும். கிளிப்பைக் கீழ இறக்கினால் நீடில் மேல எழும்பும், பெற்றோல் கூடும். ஒரு நேரத்தில ஒண்டை மட்டும் மாத்து. மாத்தினதை எழுது. எழுதுறதுக்குக் கைபேசி ஏலாது, கையுறையோட எழுத ஒரு பென்சிலும் மட்டையும் கொண்டுபோ.

எல்லாம் சரி, ஆனா அக்சிலேற்றரை விட்டாலும் எஞ்சின் இறங்காமல் இரைஞ்சுகொண்டு நிக்குது எண்டால், காபரேற்றரையும் எஞ்சினையும் பொருத்துற ரப்பர் கழுத்தை வளைச்சுப் பார். வெடிப்பு வளைச்சால்தான் தெரியும். ஐடிலில நிக்கேக்க அதைச் சுத்தி எப்பன் தண்ணி ஸ்பிறே அடி. சத்தம் மாறினால் அதாலதான் கள்ளக் காத்து. கிளீனர் ஸ்பிறேயாலயும் பாக்கலாம், ஆனா சூட்டு எஞ்சினில அதை அடிச்சு வண்டியைக் கொழுத்தினவை இருக்கினம், நீ அந்தப் பட்டியலில சேராத. ரப்பர் நல்லா இருந்தும் சத்தம் இறங்காட்டி கிராங்க் சீல் போட்டுது. அது உன்ர வேலையும் இல்லை, என்ர வேலையும் இல்லை. காசைக் கட்டித் தெரிஞ்ச ஆளிட்டக் குடு.

ரெண்டு காபரேற்றரின்ர சிலைட்டும் ஒண்டா எழும்பவேணும், அதையும் பார். ஒண்டு முந்தினால் ஒரு சிலிண்டர் சுமக்கும், மற்றது சும்மா இருக்கும். உங்கட வீட்டில உனக்கும் தங்கச்சிக்கும் நடக்கிற கதைதான், ஆர் சுமக்கிறது எண்டு நான் சொல்லேல்லை.

ஸ்டார்ட் பண்ண முதல் ஒவ்வொரு தரமும் அக்சிலேற்றரை அமத்தி விட்டுப் பார், சிலைட் "டக்" எண்டு விழவேணும். ஸ்நோ உள்ளுக்க போய் உருகி உறைஞ்சால் சிலைட் திறந்தபடி ஒட்டிக்கொள்ளும். அப்ப நீ நிப்பாட்ட நினைச்சாலும் வண்டி நினைக்காது. கில் சுவிச் வேலை செய்யுதோ எண்டு பாக்காமல் ஏறாத. ஏற முதல் ஒரு ஆளையும் நினை: இந்த வண்டிக் குலத்தைப் பெத்த மனுசன், கியூபெக் வல்கோர்ட் ஊர் ஜோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியே. 1922 இல, 15 வயசில, பழைய ஃபோர்ட் எஞ்சினைச் சறுக்கு வண்டியில பூட்டி, விமானத்துக்குப் போடுற மாதிரி ஒரு காத்தாடியைச் சுத்தவிட்டு ஓடினவர். தகப்பன் பாத்து ஏங்கிப்போனாராம். 1934 பனிக்காலத்தில அவற்ற ரெண்டு வயசு மகனை, பனி மூடின வழியால ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக ஏலாமல் பறிகுடுத்தார். 1937 இல சங்கிலித் தடத்தில ஓடுற வண்டிக்குக் காப்புரிமை எடுத்தார், 1959 இல ஸ்கீடூ வந்தது. அந்த மனுசன் என்னத்துக்காகத் தொடங்கினவர் எண்டு நினைச்சுக்கொண்டு ஏறு. ஏறினாப் பிறகு படம் எடு.

அந்த மலிவுக் காபரேற்றர் ஓடரை இண்டைக்கே நிப்பாட்டு. படத்தில ஒரே வடிவாத்தான் தெரியும். உள்ளுக்க என்ன ஜெற், என்ன நீடில், சிலைட்டில என்ன வெட்டு எண்டு அதைச் செய்தவனுக்கே ஞாபகம் இராது. வெள்ளிக்கிழமை வரேக்க பழையது ரெண்டையும் அப்பிடியே கொண்டு வா. கழட்டின பிளக்கையும் எறியாமல், எது இடம் எது வலம் எண்டு எழுதிக் கொண்டு வா. மண்ணிறமோ வெள்ளையோ எண்டு எனக்குப் பாக்கவேணும். பங்குனியில வண்டியைக் கட்டேக்க என்னைக் கூப்பிடு, கிண்ணத்துப் பெற்றோலை வடிச்சுவிட ரெண்டு பேர் தேவையில்லை, ஆனா உன்னை நம்பேலாது. கூலி பற்றி ஒண்டும் கதைக்காத, நான் காசு வேண்டமாட்டன். கொம்மாவிட்டச் சொல்லி ஒடியல் மாவும் நல்ல கருவாடும் கொண்டு வந்தால் காணும். கருவாட்டைப் பெற்றோல் கானுக்குப் பக்கத்தில வைச்சுக் கொண்டு வந்தாயெண்டால் வண்டியைத் தொடவும் மாட்டன்.